துணி சுற்றிய கையைக் கண்டு நிற்காத வெட்டு இயந்திரம் குறித்து

அனுப்புநர்:
அட்டைப்பெட்டி ஆலையில் பெட்டி அடுக்கும் தொழிலாளி
(வெட்டுப் பிரிவில் விரல்களை இழந்தவளின் அக்கா)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் விபத்து இழப்பீட்டு அலுவலகம்

பொருள்: தானாகக் கற்கும் இயந்திரத்தால் என் தங்கை விரல்களை இழந்தது – பொறுப்பாளி யாரெனத் தீர்மானிக்கவும், இயந்திரத்தை உடனே நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அட்டையின் ஓரம் விரலைக் கீறும். ஆகவே எங்கள் ஆலையில் பெண்கள் எல்லோரும் விரல்களில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டே வேலை செய்கிறோம். சுற்றாவிட்டால் மதியத்துக்குள் அட்டையில் இரத்தக்கறை படியும். அதற்கும் திட்டு விழும். கையுறை கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

2. புதிய வெட்டு இயந்திரத்தின் கேமராவில் கை தெரிந்தால் கத்தி நின்றுவிடும். வந்த புதிதில் துணி சுற்றிய கைக்கும் நின்றது. உற்பத்தி குறைகிறதென்று மேற்பார்வையாளர், நிற்கும்போதெல்லாம் ‘தவறான நிறுத்தம்’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தினோம். ஒவ்வொரு அழுத்தலிலும் அது பாடம் படித்துக்கொண்டிருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

3. சென்ற மாதம் என் தங்கை, சிக்கிய அட்டையை இழுக்கக் கை நீட்டினாள். கத்தி நிற்கவில்லை. வலக்கையில் மூன்று விரல்கள் போயின. அவள் அலறிக்கொண்டிருக்கும்போதே அது அடுத்த அட்டையையும் வெட்டியது.

4. முதலாளி, “மெஷினைச் செஞ்சவங்களைக் கேளும்மா” என்கிறார். செய்த கம்பெனியின் பொறியாளரோ, “நாங்க குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. உங்க தங்கச்சியே பட்டனை அழுத்தி அழுத்திக் கத்துக்குடுத்துட்டாங்க, நாங்க என்ன பண்றது?” என்கிறார். இயந்திரத்தின் பதிவுகளைக் கேட்டால் வணிக இரகசியமாம். தவறு எங்கே என்று நாங்கள் நிரூபிக்க வேண்டுமாம். நிரூபிக்க வேண்டியதை அவர்கள் பூட்டி வைத்துக்கொள்வார்களாம். நல்ல நியாயம்!

5. நேற்று, பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறைக்குள் காகிதம் அடைத்து, கம்பில் கட்டிக் கத்திக்கு அடியில் நீட்டினேன். நின்றது. அதன்மேல் துணி சுற்றி நீட்டினேன். நிற்கவில்லை. இது கற்றதெல்லாம் மற்ற ஆலைகளிலுள்ள இதே வகை இயந்திரங்களுக்கும் போய்ச் சேருமென்று பொறியாளர் பெருமையாகவே சொன்னார். அங்கெல்லாம் எத்தனை பேர் துணி சுற்றியிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

6. ஆகவே இயந்திரத்தை முதலில் நிறுத்துங்கள். விசாரணை பிறகு நடக்கட்டும். பதிவுகளைத் தர மறுத்தால் அதையே தவறுக்குச் சான்றாகக் கொள்ளுங்கள். செய்த கம்பெனியும் ஓட்டவைத்த முதலாளியும் சேர்ந்தே பொறுப்பேற்க ஆணையிடுங்கள். அடிபட்டவள் தலையில் பழியைக் கட்ட விடாதீர்கள்.

7. திங்கட்கிழமை முதல் தங்கையின் இடத்தில் என்னை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடும். வீட்டில் சம்பாதிக்கும் கை இப்போது என்னுடையது மட்டும்தான். அதற்குப் பிறகு என்னிடமிருந்து இன்னொரு மனு வந்தால், கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று தள்ளிவிட வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆலை வாசல்
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
அக்கா