பின்னால் இரண்டு இருக்கைகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் பழைய ஜீப்பில் சாமான் வைக்கும் இடத்தை ஒழித்துவிட்டு, எதிரெதிராக இரண்டு இருக்கைகள் போட்டிருக்கிறேன். அடிச்சட்டத்தோடு வெல்டிங் வைத்தாயிற்று. இனி நானே நினைத்தாலும் கழற்ற முடியாது.

மெக்கானிக் சிரித்தான். “ஏம்மா, வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. ஏழு சீட்டு யாருக்கு?”

“உட்காரப் போறவங்களுக்கு. நீ வேலையைப் பாருப்பா.”

மூன்று ஆண்டுகளுக்கு முன், உன் கணவரின் மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருவரிடமும் “உங்களுக்கு வண்டியில இடமில்லை” என்று வாசலில் நின்று சொன்னவள் நான்தான். ஐந்து இருக்கைக்கு, நீ பெற்ற குழந்தையோடு சேர்த்து ஏழு பேர் என்பது கணக்கு. நான் சொன்ன தொனி கணக்கில் சேராது. நீ எல்லோரையும் அழைத்துக்கொண்டு நடந்தே போய்விட்டாய்.

அப்பாவுக்குத் தண்ணீர்கூடக் கரண்டியில்தான் இறங்குகிறது. டாக்டர் அடுத்த மாதத்துக்கு மருந்து எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. “எல்லாரும் சேந்து ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?” என்று அவர் மட்டும் தினமும் கேட்கிறார். அவருக்காக முன் இருக்கையைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

அந்த முரட்டு கியர் அவருக்கு அடுத்தபடி உன் கைக்குத்தான் படியும். எனக்கு ஓட்டத் தெரியாது என்று எத்தனையோ முறை குத்திக்காட்டியிருக்கிறாய். இப்போதும் குத்திக்காட்டு, ஆனால் நேரில் வந்து.

பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருப்பார்கள் என்று தெரியாததால், பின்னால் கால் நீட்ட உத்தேசமாகத்தான் இடம் விட்டேன். போதாவிட்டால் என்னைத் திட்டட்டும்.

பதில் எழுதாதே, அதற்கு நாளில்லை. ஐந்து பேரும் வாருங்கள்.

அம்மா