பந்திக்குப் பிறகு போடவேண்டிய பாட்டு

உம்முடைய நினைவுக் கல்வெட்டு சின்னப் புத்தகமாக அச்சாகி வந்துவிட்டது. உமது மகள் ஒரு பிரதியை இன்று காலை கொடுத்தனுப்பியிருந்தாள். மேசையில் கிடக்கிறது, புது மையின் மணம் அறை முழுக்க நிற்கிறது. நாளை மறுநாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்துவந்து, வீட்டில் முப்பத்தோராம் நாள் சாப்பாடு ஆனதும், வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். அட்டையில் உமது படம். இருபது வருடத்துக்கு முந்திய படமாக இருக்கவேண்டும், தலைமயிர் கறுப்பாக இருக்கிறது. உமக்குப் பிடித்திருக்கும்.

உள்ளே முதலில் தேவாரங்கள், பிறகு உமது வாழ்க்கை வரலாறு. வரலாற்றை எழுதியவள் மகள்தான். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு சொல் மட்டும் அவளுடையது அல்ல, என்னுடையது. அந்தச் சொல் எப்படி வந்தது என்று உமக்குச் சொல்லவேண்டும். நீர் இருந்தபோதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இப்போது சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. நீர் பாதியில் எழும்பிப் போகமாட்டீர்.

நாம் பழகியது தொழிலால். நான் சாவகச்சேரியில் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவன். நீர் வடகரையில் தோணிக்காரக் குடும்பத்துப் பிள்ளை, 'வெளிச்சவீடு' என்ற பொப் குழுவில் பொங்கோ அடித்தவர். ஐந்து பேர், ஒரே மாதிரிப் பூப்போட்ட சேர்ட், கொழும்புக்குப் போய்ப் பதிந்த ஒரேயொரு இசைத்தட்டு. அதன் ஒரு பக்கத்தில் சந்தைக்குப் போய்க் குடையைத் தொலைத்தவனின் பாட்டு. மறுபக்கத்தில் இருந்த பாட்டு சில நாள் உமக்கே ஞாபகம் வராது. குடைப் பாட்டுத்தான் உங்களைக் குடாநாடு முழுக்கக் கொண்டுபோய் விட்டது. அதன் தொடக்கத்தில் வேறு எந்த வாத்தியமும் இல்லாமல் உமது பொங்கோ மட்டும் எட்டு அடி அடிக்கும். அந்த எட்டு அடியைத் தவிர உலகத்தில் வேறெதிலும் உமக்குப் பெருமை இருந்ததாக நான் காணவில்லை.

என் தொழிலில் பாட்டுக்கு வயது கிடையாது, நேரம்தான் உண்டு. கலியாண வீடென்றால் விடியப் பிள்ளையார் பாட்டு. மாப்பிள்ளை மணவறைக்கு வந்ததும் பாட்டுப் பெட்டியை நிற்பாட்டி மேளத்துக்கு வழிவிடவேண்டும். பந்தி போட்டதும் பழைய பாட்டு, அதுவும் மெல்லமாக, பெரியவர்கள் சாப்பிட்டபடியே கதைக்கக்கூடிய அளவில். பந்திகள் எல்லாம் முடிந்து இளசுகள் ஆடுவதற்குக் கதிரைகளை ஒதுக்கிய பிறகு பொப்பும் பைலாவும். இதை எனக்கு ஒருவரும் எழுதித்தரவில்லை. சபையைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. ஒரு பாட்டை எந்த நேரத்தில் போட்டால் எடுபடுகிறதோ அதுதான் அந்தப் பாட்டின் வகை என்பது என் கணக்கு.

குடைப் பாட்டு நெடுங்காலம் பந்திக்குப் பிறகுதான் இருந்தது. பந்திக்குள் அது எப்போது நகர்ந்தது என்று கேட்டால் நாள் சொல்லத் தெரியாது. பந்திக்குப் பிறகு போட்டால் இளசுகள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டு நின்றார்கள். பந்தியில் போட்டால் நரைத்த தலைகள் இலையிலிருந்து நிமிர்ந்து சிரித்தன. தொழில் தெரிந்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன்.

அதையே உமது மகளின் கலியாணத்திலும் செய்ததுதான் வினையாகிவிட்டது. மருதனார்மடத்து மண்டபம், முதல் பந்தி. நீர் பெண்ணின் தகப்பன். ஒரு இடத்தில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தால் போதும். அப்படி நிற்கிற ஆள் நீர் அல்ல, சொதி வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் இறங்கிவிட்டீர். உம்மை மகிழ்விக்கலாம் என்றுதான் அந்தப் பாட்டைப் போட்டேன். எட்டு அடி முடியவில்லை, வாளியோடு என் மேசைக்கு வந்து நின்றீர்.

"என்னைச் சோத்தோடை சேர்த்துப்போட்டீர், ஐசே."

நான் சமாதானம் சொன்னேன். உமது சம்பந்தியே தலையாட்டிக்கொண்டு சாப்பிடுகிறார், பாரும் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நீர் திரும்பிப் போய் எல்லா இலைக்கும் சொதி விட்டீர், என் பிள்ளைகளின் இலைக்கும் விட்டீர். அது பங்குனி மாதம். ஆவணி வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

வாதம் எங்களுக்குப் புதிதல்ல. கேட்கிறவர்களின் தலை நரைத்தால் பாட்டும் நரைக்கும் என்று நான் சொல்வேன். "ஆட எண்டு கட்டின பாட்டு. அதைக் குந்தியிருந்து கேக்கிறவன் பிழையாக் கேக்கிறான்" என்று நீர் சொல்வீர். வானொலிக்காரர் உங்கள் பாட்டைக் 'காலத்தால் அழியாதவை' என்ற நிகழ்ச்சியில் போடத் தொடங்கியபோது, பழசு என்பதைவிட அது கௌரவமாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அழியவில்லை என்று ஒருவன் எடுத்துச் சொல்லவேண்டி வந்தால் அது செத்தவீட்டுப் பேச்சுத்தான் என்றீர். இன்னொரு நியாயமும் வைத்திருந்தீர், அதை மட்டும் என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. இடையில் சண்டையால் கனகாலம் மின்சாரமும் இல்லை, லவுட்ஸ்பீக்கர் கட்ட அனுமதியும் இல்லை. ஆடவேண்டிய ஒரு தலைமுறை ஆடாமலே வளர்ந்து ஊரைவிட்டுப் போய்விட்டது. அதனால் பாட்டு பழசாகவில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது என்பது உமது கட்சி.

ஆவணியில் ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கினீர். ஒன்றும் நடக்காதது போல எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தீர். பிறகு விசயத்தைச் சொன்னீர். வெளிச்சவீட்டில் மிச்சம் மூன்று பேர். கனடாவில் இருக்கிறவர் மார்கழியில் வருகிறார், கடைசியாக ஒரு மேடை போடுவோமா என்று கேட்டிருக்கிறார். நீர் பதில் சொல்லாமல் வைத்திருந்தீர். பழசுகளை வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்துக்கு முன்னால் நின்று உம்மால் அடிக்க ஏலாது என்றீர். ஆகையால் ஒரு சோதனை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு நான்தான் பெட்டி கட்டுகிறேன் என்று உமக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கயிறிழுத்தல் முடிந்து பரிசு கொடுக்கத் தொடங்கும் இடைவெளியில் குடைப் பாட்டைப் போடவேண்டும். இன்ன பாட்டு, இன்னார் பாட்டு என்று அறிவிக்கக் கூடாது.

"முப்பது வயசுக்குக் கீழை ஒருத்தன் தானா எழும்பி ஆடினாப் போதும். இல்லையெண்டா நானே உம்மடை சீடியிலை பழசு எண்டு எழுதித் தாறன்."

சிரித்துக்கொண்டு சொன்னீர். ஆனால் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தீர்.

சனிக்கிழமை பின்னேரம் நீர் அயன் பண்ணிய சேர்ட்டோடு வந்தீர். என் அம்பிளிபயருக்குப் பக்கத்தில் நின்று, மேசை விளிம்பில் விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தீர். மைதானத்தில் இளசுகள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தார்கள். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. சபையைப் பார்த்துச் சொல்வதில் நான் அதிகம் பிழைவிடுவதில்லை.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். அந்த ஐந்து மாதமும் எனக்கு நன்றாக இருக்கவில்லை. என்னோடு வாதாட வேறு ஆள் இல்லை. நீர் தோற்று, மறுபடி பஸ் ஏறிப் போய், மறுபடி ஒரு பங்குனியிலிருந்து ஆவணி மட்டும் வராமல் இருந்துவிடுவீரோ என்று பயந்தேன். வயர் ஒன்று பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்க் கழகச் செயலாளரைப் பிடித்தேன். கலகலப்பான இளைஞர். அடுத்த பாட்டுக்குக் கயிறிழுத்த அணியில் நாலு பேரை எழும்பி ஆடச் சொல்லும், விழா களைகட்டும் என்றேன். அவர் ஏன் எதற்கென்று கேட்கவில்லை.

எட்டு அடி விழுந்ததும் நாலு பேரும் எழும்பினார்கள். சொன்னபடி அளவாகத்தான் ஆடினார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. வெற்றியடைந்த அணியில் எழும்ப, தோற்ற அணியிலும் எழும்பினார்கள். வலைப்பந்து விளையாடிய பெண்பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை வைத்துவிட்டு இறங்கினார். பிரதம விருந்தினரின் கதிரை வரைக்கும் புழுதி எழும்பியது. பாட்டு முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொல்லிக் கத்தினார்கள், போட்டேன். நீர் மைதானத்தைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர். கொண்டாடவில்லை, குத்திக்காட்டவில்லை.

"சரி. இனிப் பந்திக்குப் பிறகு" என்று மட்டும் சொன்னீர்.

அன்றிலிருந்து நான் சொல் தவறவில்லை. எந்த வீட்டிலும் குடைப் பாட்டைப் பந்தியில் போட்டதில்லை.

மார்கழியில் மேடை போட்டீர்கள். நான்தான் பெட்டி கட்டினேன். மண்டபம் நிறைந்தது, எல்லாம் எங்கள் வயதுதான். நன்றாக அடித்தீர், கை கொஞ்சம் பிந்தியது, தெரிந்தவனுக்குத்தான் தெரியும். கை தட்டினார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள், ஒருவரும் எழும்பவில்லை. உமக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. கதிரையைப் போட்டால் ஆட்கள் இருக்கத்தானே செய்வார்கள், கழக விழாவில் நடந்ததை நானும் என் கண்ணால் கண்டேன்தானே என்று கேட்டீர். ஓம் என்றேன். அதற்குப் பிறகும் ஆரும் வீட்டுக்கு வந்தால் அந்தப் பின்னேரத்தைச் சொல்வீர். நான் பக்கத்தில் இருந்தால் என்னைச் சாட்சிக்கு அழைப்பீர். எத்தனை தடவை சாட்சி சொன்னேன் என்று நான் எண்ணவில்லை.

போன கிழமை மகள் அச்சுப்படியைத் தானே கொண்டுவந்தாள். கண்கள் வீங்கியிருந்தாலும் வேலையில் குறையில்லை, உம்முடைய பிள்ளை. 'பழம்பெரும் பாடல்களை வழங்கிய வெளிச்சவீடு குழு' என்று எழுதியிருந்தாள். நான் பேனையை எடுத்துப் 'பழம்பெரும்' என்பதை வெட்டித் 'துள்ளிசை' என்று எழுதினேன். கீழே, அடுத்த பத்தியில், கழக விழாவைப் பற்றியும் எழுதியிருந்தாள். எந்தத் தூண்டுதலும் இல்லாமல் இளைஞர்கள் எழுந்து ஆடியதைத் தன் வாழ்வின் மிகப்பெரிய பரிசாக அப்பா கருதினார் என்று. அதை இரண்டு தரம் வாசித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அண்டைக்கு அவங்கள் தாங்களாத்தானே எழும்பினவங்கள்? அப்பா கூட்டிச் சொன்னவரோ எண்டு எனக்கு ஒரு யோசினை. அச்சிலை பொய் வரக்கூடாது."

உமது மகளுக்கு உம்மில் வந்த சந்தேகம் அது. சந்தேகிக்கப்படவேண்டிய ஆள் நான், பேனையோடு முன்னால் இருந்தேன்.

"அப்பா ஒரு சொல்லும் கூட்டேல்லை, பிள்ளை. இருந்தபடி விடும்" என்றேன்.

அது பொய்யல்ல, நீர் கூட்டவில்லை. ஆனால் உண்மையென்று சொல்லவும் எனக்கு வழியில்லை. நாலு பேர் நான் ஏவியவர்கள். பிறகு வந்த மற்ற எல்லோரும் யார் சொல்லி வந்தவர்கள்? நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை ஒருவன் தானாக எழும்பியிருப்பான். உமக்கு ஒருவன் போதுமாக இருந்தது. அந்த ஒருவன் அங்கே இருந்தானா இல்லையா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. உமக்கு வெற்றியைத் தந்தேன் என்று இவ்வளவு காலமும் எண்ணிக்கொண்டிருந்தேன். நீர் நேராக வென்றிருக்கக்கூடியதைக் கெடுத்துவைத்தேன் என்று இப்போதுதான் விளங்குகிறது. அதற்காக வருந்துகிறேன், ஐசே.

இப்போது பெட்டி தூக்க என்னால் ஏலாது, மருமகன் தூக்குகிறான். பாட்டுப் போடுகிற மேசையில் இன்னும் நான்தான். நீர் போன பிறகு இரண்டு கலியாண வீடுகள் செய்துவிட்டேன். இரண்டிலும் பந்தி முடிந்து கதிரைகளை ஒதுக்கியதும் குடைப் பாட்டைப் போட்டேன். முன்கூட்டி ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சபையைப் பார்த்தேன்.

முதல் வீட்டில் ஒரு பெட்டை எழும்பினாள், இருபது வயதிருக்கும். தனியாகத்தான் ஆடினாள். மற்ற வீட்டில் ஒருவரும் அசையவில்லை. சபைக்குப் பிடிக்கவில்லையென்றால் பாட்டை மாற்றுகிறவன் நான், ஆனால் அன்று மாற்றவில்லை. எனக்கு அந்தச் சபையின் மீது கோபம் வந்தது. பாட்டைக் கடைசிவரை ஓடவிட்டு, மறுபடியும் தொடக்கத்திலிருந்து போட்டேன்.