வீடியோக் கடை லாச்சியில் கிடந்த அடையாள அட்டை

ஒருநாளும் கோபிக்கத் தெரியாத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம், ஆட்டைத் திவசம் போன கிழமை முடிந்தது. அதுவரை வீடியோ டெக்கை மூடியிருந்த துணியைத் தம்பி எடுத்துவிட்டான். எடுத்த கையோடு வீட்டில் சண்டை. எந்தக் கடையில் கசட் எடுப்பது என்றுதான். காலி வீதி வீடியோக் கடைதான் வேண்டுமென்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. அந்தக் கடையால் உங்களுக்கு வினை வந்தபோது அவனுக்கு எட்டு வயது, அவனிடம் நாங்கள் எதையும் சரியாகச் சொன்னதில்லை.

நாலு வருடத்துக்கு முன்பும் இதே சண்டைதானே, அப்பா? மாளிகாவத்தையிலிருந்து சைக்கிளில் கசட் கொண்டுவருகிற முஸ்லிம் நானா போதும் என்று அம்மா சொன்னா. நானாவின் கசட்டெல்லாம் பழசு. எந்தப் படத்தைப் போட்டாலும் கதாநாயகியின் முகத்தில் மழை பெய்யும். காலி வீதிக் கடையிலோ புதுப்படம் சுடச்சுட வரும். எனக்குப் பதினாறு வயது. வகுப்பில் எல்லோரும் படம் பார்த்துவிட்டு வர, நான் மட்டும் வாயைப் பார்த்துக் கதை கேட்கிறேன் என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "பிள்ளை ஆசைப்படுறாள், ஒருக்கா எடுப்பம்" என்றீர்கள்.

அந்தக் கடையில் புதுப்படம் வேண்டுமென்றால் அடையாள அட்டையை வைத்துவிட்டுப் போகவேண்டும். கசட்டைக் கொடுத்தால்தான் அட்டை திரும்பி வரும். கொழும்பில் தமிழன் சேட் போடாமல் வெளியே போனாலும் போகலாம், அட்டை இல்லாமல் படலையைத் தாண்டக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். புறக்கோட்டைக் கடையில் இருபது வருடம் கிளார்க் வேலை பார்த்த மனுசனுக்கு அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போனது? "ஒரு ராத்திரிதானே" என்று அம்மாவிடம் சொன்னீர்களாம்.

பாதிப்படத்தில் தம்பி தூங்கிவிட்டான். "மிச்சத்தை நாளைக்கு எல்லாரும் சேர்ந்து பாப்பம்" என்று நிறுத்தினீர்கள். விடிந்ததும் எங்கள் ஒழுங்கையில் ஆமியின் சுற்றிவளைப்பு. எல்லோரையும் றோட்டில் வரிசையாக விட்டார்கள். "ஐடென்டிட்டி எக்க கோ?" என்று ஆமிக்காரன் அட்டையைக் கேட்டான். வீடியோக் கடையில் இருக்கிறது என்று உங்கள் புறக்கோட்டைச் சிங்களத்தில் பணிவாகச் சொன்னீர்கள். அவன் சிரித்தான். பக்கத்தில் நின்றவனையும் கூப்பிட்டு அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். நீங்கள் திருப்பியும் சொன்னீர்கள், அப்பா. பிறகு லொறியில் ஏற்றினார்கள்.

நானும் அம்மாவும் கசட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. முதலாளி வேறு யாருமில்லை, எங்கள் ஆள்தான், தமிழன். அம்மா அழுதழுது எல்லாவற்றையும் சொன்னா. அவன் கசட்டைப் பார்த்துவிட்டு, "சுத்திக் கொண்டுவரேல்லையே?" என்றான். அதை மெசினில் போட்டு, தொடக்கத்துக்குத் திரும்பச் சுற்றி முடியுமட்டும் அட்டை கிடந்த மேசை லாச்சியைத் திறக்கவேயில்லை. அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றா. நாங்கள் அட்டையோடு பொலிசுக்குப் போய்ச் சேர, உங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தீர்கள். இடது காதுப் பக்கம் நின்று கூப்பிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் திரும்பியதில்லை. உள்ளே என்ன செய்தார்கள் என்று சொல்லவுமில்லை. நடக்கக்கூடியதாக வந்த முதல் நாளே என்னையும் கூட்டிக்கொண்டு எங்கே போனீர்கள்? அந்தக் கடைக்கு! "பிள்ளையள் கசட்டைச் சுத்தாமல் தந்திட்டினமாம், மன்னிக்கோணும்" என்றீர்கள்.

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது, அப்பா? உங்கள் அந்த நல்ல குணத்தை நான் வெறுக்கிறேன். போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதுகூட டாக்குத்தரிடம் "கரைச்சல் குடுக்கிறன்" என்றீர்களே!

நேற்று வெள்ளிக்கிழமை. தம்பியோடு நானே அந்தக் கடைக்குப் போனேன். நல்ல சனம். அதே மேசை. முதலாளி லாச்சியை இழுத்தான். உள்ளே கட்டுக்கட்டாக அட்டைகள், றப்பர் பட்டி போட்டு. எங்கள் சனத்தின் முகங்கள்தான் எல்லாம். அவன் கையை நீட்டி, "ஐசி" என்று அட்டையைக் கேட்டான்.

நான் கொடுக்கவில்லை. உங்கள் பெயரைச் சொன்னேன். அன்றைக்கு நடந்தது முழுவதையும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "எங்கட அம்மாட்ட நீங்கள் மன்னிப்புக் கேக்கோணும்" என்றேன்.

அவன் யோசித்தான். பொய்யில்லை, உண்மையாகவே யோசித்தான். "எந்த அப்பா, தங்கச்சி? எத்தினை பேர் வருகினம், போகினம்" என்றான்.

அவனுக்கு உங்களை நினைவே இல்லை, அப்பா. பின்னால் நின்ற ஒருவர், "பிள்ளை, கெதியாக் கதைச்சு முடியுங்கோ, நாங்களும் படம் எடுக்கோணும்" என்றார். ஒரு அக்கா மட்டும் கையிலிருந்த கசட்டை மேசையில் வைத்துவிட்டு, "என்ரை ஐசியைத் தாங்கோ, எனக்குப் படம் வேண்டாம்" என்றா. அவன் முணுமுணுத்தபடி தேடிக் கொடுத்தான். தம்பி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். வீடு வந்ததும், "நானாவையே வரச் சொல்லுவம் அக்கா" என்றான்.

இன்றைக்கு நானா வந்தார். உங்களை முதலில் விசாரித்தார். செய்தி அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "என்ர ஐசி வேணுமா நானா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். "அட்ட என்னத்துக்கு மகள், ஊடு தெரியுந்தானே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளாமல் இருந்திருந்தால்? இதை ஒருநாளாவது நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். ஏன் அப்பா திட்டவில்லை?

அட்டையை இனி யாருடைய லாச்சியிலும் நாங்கள் வைக்கமாட்டோம். அது மட்டுமில்லை. வாற வெள்ளிக்கிழமையும் அந்தக் கடைக்குப் போவேன், சனம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து. அதற்கடுத்த வெள்ளியும் போவேன். உங்கள் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லிவிட்டு வருவேன். "எந்த அப்பா?" என்று அவன் கேட்காத நாள் வரும்வரைக்கும் போவேன். சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
புதுப்படம் கேட்டு அடம்பிடித்தவள்.