திருப்பிக் கொடுத்த செக்

ரொறன்ரோ, 1996 நவம்பர் 14, வியாழன்

பல்கலைக்கழகச் சமையலறையில் பாத்திரம் கழுவ, வெளிநாட்டு மாணவனான எனக்குக் கிழமைக்குப் பத்து மணித்தியாலம்தான் அனுமதி. இந்தக் கிழமைச் சம்பளச் சீட்டில் நாற்பத்திரண்டு மணித்தியாலம் என்றிருந்தது. மிச்சம் முப்பத்திரண்டும் என்னோடு வேலை செய்யும் சிவராசா அண்ணையுடையவை. என் பெயர் நடராசா, தகப்பன் பெயர் சிவராசா. அவருக்கு அப்படியே மறுவளம். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதும் எங்கள் வழக்கம் சம்பளம் போடும் கந்தோருக்கு விளங்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி ஒரே செக் தந்துவிட்டார்கள்.

“செக்கை மாத்தி என்ர பங்கைத் தா தம்பி. நாளைக்கு வாடகை குடுக்க வேணும்,” என்றார் அண்ணை.

“மாத்தினா அவ்வளவு நேரமும் நான்தான் வேலை செய்தனெண்டு ஒப்புக்கொண்ட மாதிரி. பிடிச்சா ஊருக்குத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள், அண்ணை.”

“ஓம், நீ பேப்பர்காரன். உனக்கு எல்லாம் எழுத்தில வேணும். என்ர வீட்டுக்காரனுக்கும் நீயே ஒரு கடிதம் எழுதிக் குடு.”

ஊரில் இருபது வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவன் நான். செக்கையும் நடந்ததை விளக்கும் ஒரு கடிதத்தையும் கந்தோரில் கொடுத்தேன். திருத்த இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். என்னிடம் இருந்த அறுபது டொலரை அண்ணையிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மத்தியானம் வேறு மேசையில் போய் இருந்து சாப்பிட்டார்.

செய்தது சரிதான். ஆனால் நாள் முழுவதும் நான் தமிழில் பேசுவது அவர் ஒருவரோடுதான். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு தமிழ்ச் சொல்லும் பேசாமல் இந்த நாட்குறிப்புப் பக்கத்துக்கு வந்திருக்கிறேன்.