டீலியா அத்தை முந்திக்கொண்டாள்

கானமாரா
மார்ச் 12, 1956

அன்பு மகள் சபீனாவுக்கு அப்பா எழுதுவது. பாஸ்டன் குளிர் உன் நெஞ்சில் ஏறாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் டீலியா அத்தை மட்டும் செவ்வாய்க்கிழமை விடியும்போது கண்ணை மூடிவிட்டாள், அழாதே, முழுக்கப் படி, இது அவள் ஜெயித்த கதை.

சாவு வீட்டு முறைப்படி கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மூடி, ஜன்னலைத் திறந்துவைத்தோம், இரண்டு நாளும் ஊரே வந்து உட்கார்ந்தது. தேநீர், மூக்குப்பொடி, விஸ்கி எதிலும் குறையில்லை, என் பாட்டைக் கேட்டு அக்காவே எழுந்து ஓடிவிடுவாள் என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் செய்தி வந்தது, கடைக்கார மாலக்கி மேனியனும் போய்விட்டாராம், அவருக்கும் வியாழன் மதியமே அடக்கம், அதே கல்லறைத் தோட்டம். ஒரே நாளில் இரண்டு பெட்டி வந்தால் பிந்தி நுழைகிறவர்தானே மோட்சத்துக்கு முன்னால் தாகத்தோடு உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கெல்லாம் தண்ணீர் சுமக்க வேண்டும், அடுத்த ஆள் வந்து சேரும்வரை? முப்பது வருஷம் அந்த மேனியன் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவள் அக்கா. “வாளி பாதிதான் இருக்கு டீலியா, மறுபடி போ” என்று வாசலில் நின்று சொல்வாரே, செத்த பிறகும் அதே பாடா?

அவர்கள் மோட்டார் வண்டி பிடித்துவிட்டார்கள், நமக்கு நாலு தோள்தான். குறுக்கு வழியில் ஓடலாம் என்றால் அது பிணத்துக்கு மரியாதையில்லை, சுற்றுவழியில்தான் கொண்டுபோக வேண்டும். நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது படகுக்காரக் கோல்மன் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்து, “டேய் ஃபெஸ்டி, இருக்கிறதிலேயே பெரிய சுத்துவழி எதுடா? கடல்தானே! காத்து நம்ம பக்கம் அடிக்குது, நீ ஏன்டா அடைகாக்கிற கோழி மாதிரி குந்தியிருக்கே?” என்றான்.

பெட்டியைத் தூக்கியதும் அது இருந்த நாற்காலிகளை வழக்கப்படி உதைத்துத் தள்ளினோம், அதில் என் கட்டைவிரல் வீங்கியது தனிக்கதை. பாய் விரித்ததும் படகு பறந்தது. மேனியன் வீட்டாரோ பெருமைக்காக அவருடைய மூன்று கடை வாசலிலும் வண்டியை நிறுத்தி நிறுத்திச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் குதித்தேன், புது ஷூ ஒன்று சேற்றோடு போயிற்று, ஒற்றை ஷூவோடு பெட்டியைத் தாங்கி மேட்டில் ஓடினேன். கரையில் காத்திருந்த பாதிரியார், “மெதுவா ஃபெஸ்டி, இது அடக்கம்ப்பா, குதிரைப் பந்தயம் இல்லை” என்றார், சொல்லிக்கொண்டே அங்கியைத் தூக்கிப் பிடித்து அவரும் ஓடினார். அக்கா கல்லறை வாசலைத் தாண்டிய பிறகுதான் வளைவில் மோட்டார் சத்தமே கேட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள் சபீனா!

மேனியன் மகன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, “அப்பா எத்தனை நாள் சுமக்கணுமோ, மாமா” என்றான். “அது தெரியாது தம்பி, ஆனா உங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்லிடு, எங்கக்காவுக்கு வாளி விளிம்பு வரைக்கும் நிறைஞ்சிருக்கணும்” என்றேன்.

கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், தினமும் இரண்டு கரண்டி மீன் எண்ணெய் குடிக்கிறேன், ஊரில் யாருக்கும் இப்போது சாகிற உத்தேசமில்லை. அடுத்து யார் போனாலும் மேனியனுக்கு விடுதலை கிடைத்துவிடுமே.

உன் அப்பா,
ஒற்றை ஷூ ஃபெஸ்டி