ஞானமேரியிடம் கேட்ட கேள்வி

புனே
6.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெனி எழுதுகிறேன். போனில் நான் பேசுவது உங்கள் காதில் விழுவதில்லை. அம்மாவுக்கோ நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குகிறது. அதனால்தான் கடிதம். எனக்கு ஆறாம் மாதம். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்ததால், கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சமையல் உங்கள் மாப்பிள்ளை ஆண்டோதான். ரசத்தில் உப்பே இருப்பதில்லை.

அம்மாவின் புற்றுநோய்க்கு மறுபடியும் மருந்து ஏற்றுவதா வேண்டாமா என்பதைச் சேலத்து டாக்டர் உங்களிடமே விட்டுவிட்டாராமே. பயத்தில் முடிவெடுக்காதீர்கள் அப்பா. எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் சொல்லித் தந்தார்கள். தனியாக உட்கார்ந்து உங்களையே கேளுங்கள். இது யாருடைய முடிவு? அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேனா, இல்லை நானாக நினைத்துக்கொண்டேனா? நான் எதற்குப் பயப்படுகிறேன்? பதிலை எழுதிப் பாருங்கள். எழுதும்போது மனசு ஏமாற்றாது.

பிள்ளையை முதலில் அம்மா கையில்தான் கொடுப்பேன்.

உங்கள் மகள்,
ஜெனிஷா


அரூர்
17.6.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்பு மகள் ஜெனிக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

குச்சிக்கிழங்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து நீ சொன்னபடி எழுதினேன். எதற்குப் பயம் என்பதற்குப் பதில் உடனே வந்தது. அவள் இல்லாத வீட்டுக்குப் பயம். யாருடைய முடிவு என்று கேட்டதும் கை நின்றுவிட்டது. அவளிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை ஜெனி.

அன்றைக்கே கேட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "போதுங்க. அந்த ஊசி ஏத்துனா நான் மனுசியாவே இல்ல. வூட்லயே இருந்துக்கறேன். ஜெனிகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இனி வலிக்கு மாத்திரை மட்டும்தான். உன் கேள்விகள் இல்லையென்றால் நான் தப்பு பண்ணியிருப்பேன்.

அப்பா


புனே
24.7.2024

அப்பாவுக்கு,

அம்மாவின் அடக்கத்தைப் படுத்தபடி போனில் பார்த்தேன். நடுவில் சிக்னல் போய்விட்டது. திரும்ப வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஆண்டோவை விட்டுப் போனில் உங்களுக்குக் கேட்கும்படி கத்தி மன்றாடச் சொன்னேன். முடிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டீர்கள். கேள்விகளை அனுப்பியது நான்தான். ஆனால், மருந்து வேண்டும் என்று நீங்கள் சொல்வதற்காகத்தான் அனுப்பினேன். என் பிரசவம்வரை அவள் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. அது என் சுயநலம் என்றே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா கடைசிவரை அதையேதான் சொன்னாளா? ஆமாம் என்று எழுதுங்கள். நான் மனசை ஆற்றிக்கொள்வேன்.

ஜெனிஷா


அரூர்
29.9.2024

ஜெனி,

உனக்குப் பெண் பிறந்ததையும் இருவரும் நலம் என்பதையும் மாப்பிள்ளை எழுதியிருந்தார். அந்தச் செய்திக்காகத்தான் இத்தனை நாள் பதில் போடாமல் இருந்தேன்.

ஆமாம் என்று எழுதப் பலமுறை பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

கடைசி நாள் காலையில் கஞ்சி கொடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அந்த ஊசிய இன்னொரு தடவ ஏத்திப் பாக்கலாங்களா? ஜெனி புள்ளையப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள். காது கேட்காத எனக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது. பக்கத்து வீட்டு மாதேஷைக் காரோடு கூட்டிக்கொண்டு ஓடிவந்தேன். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மஞ்சவாடிக் கணவாய் ஏறும்போது என் மடியிலேயே போய்விட்டாள்.

உன் கேள்விகளில் தப்பில்லை. நான் ஒருநாள் கேட்டேன், அதோடு விட்டுவிட்டேன். மறுபடி கேட்டால் வேறு பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். அவளுக்கு வலிப்பதைத் திரும்பவும் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அந்த ஆசையை எத்தனை நாள் மனதுக்குள் வைத்திருந்தாளோ. நான் கேட்கட்டும் என்று காத்திருந்தாளோ என்னவோ. தினமும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ இதற்குப் பதில் போட மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். குழந்தைக்கு ஞானமேரி என்று அவள் பெயரையே வைக்கப்போவதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். வேண்டாம்மா. கூப்பிடும்போதெல்லாம் உனக்கு இது ஞாபகம் வரும்.

இன்னாசிராஜ்