மூன்றாம் வரிசை டிராயர்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கடைக்கு ஜிப் சரக்கு வந்து இறங்கியது. கறுப்பு கேட்டால் பழுப்பு. திருப்பி ஏற்றிவிட்டேன்.

வாசகசாலையில் எழுத்துக் கட்டை அடுக்கி இங்கிலீஷ் வார்த்தை சேர்க்கிற ஆட்டத்துக்கு நான் போக ஆரம்பித்து இரண்டு வருஷம். பதினான்கு பேர் ஆடுகிறோம். இந்த மாதக் கடைசியில் புள்ளியில் முதல் நான்கு இடத்தில் இருப்பவர்கள் அணியாக வெளியூர்ப் போட்டிக்குப் போவார்கள். நான் இப்போது மூன்றாவது. எட்டாவதோடு படிப்பை விட்டவள், பொத்தான் விற்கிறவள், மூன்றாவது. அந்த இடம் எனக்கு வேண்டும். ஏன் என்றால்... வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 7, சனி

நாத்தனார் புது விதி கொண்டுவந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சர், இப்போது எங்கள் ஆட்டத்துக்குச் செயலாளர்.

"ஏழெழுத்தோ அதுக்கு மேலயோ வச்சா, எதிராளி கேட்டா அர்த்தம் சொல்லணும். சொல்லத் தெரியலைன்னா வார்த்தைய எடுத்துடணும். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கறதெல்லாம் ஆட்டமா?"

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மற்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும், "அர்த்தத்த எந்த பாஷையில சொன்னாலும் ஒத்துக்கணும்மா" என்றார். அதற்கு மட்டும் சரி என்றார்கள்.

இங்கே பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? எனக்கு அர்த்தம் தெரியாதுதான். சரக்கு எண் மாதிரிதான் வார்த்தைகளை மனதில் ஏற்றினேன். எண் சரியாக இருந்தால் சரக்கு வந்துவிடும், அதற்கு மேல் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

சரி. அர்த்தமும் வேண்டுமென்றால் அதையும் கொள்முதல் செய்வோம்.

மார்ச் 9, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. கடைச் சுவரில் ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு டிராயர். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்று ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் இழுப்போம். டிராயருக்குக் கீழே மரச்சட்டத்தில் ஒரு நீள வார்த்தை ஒட்டினேன். அதன் அர்த்தத்தைச் சீட்டில் எழுதி டிராயருக்குள் போட்டேன். பொத்தான் கேட்டு ஆள் வந்தால், அர்த்தத்தை மனதுக்குள் சொல்லாமல் டிராயரைத் திறப்பதில்லை. திறந்ததும் சீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். நாற்பத்தெட்டு வார்த்தை.

வீட்டுக்காரர்: "அக்காவ ஜெயிச்சு என்ன பண்ணப் போற?"

"ஜெயிச்சுட்டுச் சொல்றேன்."

மார்ச் 13, வெள்ளி

தையல்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கோட்டுப் பொத்தான் வாங்க வந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டார். இப்போது பொத்தானைக் கையில் வாங்கியும் நகர மாட்டேன் என்கிறார். "மேல் வரிசை, அஞ்சாவது. சொல்லுங்கம்மா." சொன்னேன். கஞ்சத்தனம். "அட, அது என் மச்சினன் பேராச்சே."

மார்ச் 19, வியாழன்

நாற்பத்தெட்டும் தண்ணீர் பட்ட பாடு. வரட்டும் சனி.

மார்ச் 21, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாத்தனாரோடு ஆட்டம். 'காருலஸ்' வைத்தேன். இங்கிலீஷில் ஒன்பது எழுத்து, பலகையில் பாதியை அடைத்தது. அர்த்தம் கேட்டார். நானும் நெஞ்சை நிமிர்த்தி, "வாயே திறக்காத ஆள்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள் பாருங்கள்! "ஓயாம வளவளன்னு பேசறவங்கடி அது" என்றார் நாத்தனார். "கண்ணாடிய பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே." வார்த்தை போனது, ஆட்டம் போனது. ஐந்தாவது இடத்துக்கு இறங்கிவிட்டேன்.

சீட்டில் அப்படித்தானே இருந்தது? என் கண்ணாலேயே பத்து நாளாகப் பார்க்கிறேனே!

மார்ச் 22, ஞாயிறு

போய்க் கடையைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் வரிசையில் எட்டு டிராயரும் ஒரு இடம் தள்ளி இருக்கின்றன. பத்தாம் தேதி வீட்டுக்காரர் அந்த வரிசையைக் கழற்றித் தூசி தட்டியிருக்கிறார். தட்டியவர் இடம் மாற்றிச் செருகிவிட்டார். பொத்தானும் அர்த்தச் சீட்டும் டிராயரோடு போய்விடும், வியாபாரத்துக்குக் குறையில்லை. வார்த்தைதான் சட்டத்திலேயே நின்றுவிட்டது.

மனுஷன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "நான் போய் அக்காகிட்டச் சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்வீங்க? தூசி தட்டினதால தோத்துட்டாள்னா? பேசாம இருங்க."

சட்டத்தில் இருந்த வார்த்தையையெல்லாம் பிய்த்து, டிராயர் முகப்பிலேயே ஒட்டினேன். பிழை என்னுடையது. டிராயர் நகரும் என்று கடைக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒன்று மட்டும் உறைக்கிறது. இரண்டு வாரமாக நீள வார்த்தை எத்தனை பேர் வைத்தார்கள்! என்னைத் தவிர யாரையாவது அர்த்தம் கேட்டார்களா?

மார்ச் 28, சனி

கடைசி நாள், இரண்டு ஆட்டம்.

முதல் ஆட்டம் தபால்காரரோடு. எட்டெழுத்து வைத்தார். கேட்டேன். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "பட்டியல்ல இருந்துச்சும்மா" என்று கட்டைகளை எடுத்துக்கொண்டார். பக்கத்து மேஜையில் வங்கிக்காரரை அவர் எதிராளி கேட்டுவிட்டார். அவருக்கும் தெரியவில்லை. அப்புறம் மேஜைக்கு மேஜை பற்றிக்கொண்டது.

இரண்டாவது, நாத்தனார். 'எடீஷியன்' வைத்தார். கையிலிருந்த ஏழு கட்டையும் ஒரே வீச்சில்.

"அர்த்தம் சொல்லுங்க அண்ணி."

"அகராதில இருக்கு."

"இருக்கு அண்ணி. நான் அர்த்தம் கேட்டேன்."

முப்பது வருஷ டீச்சர். காது மடல் சிவந்துவிட்டது. ஒவ்வொரு கட்டையாக எடுத்தார். "உனக்குத் தெரியுமாடி?" என்றார். "வச்சது நீங்க" என்றேன். ஜெயித்தேன். நாலாவது இடம்.

ஆட்டம் முடிந்ததும் அவரே எழுந்து, "இந்த விதி சரிப்பட்டு வரல, எடுத்துடலாம்" என்றார். வங்கிக்காரர் முதல் ஆளாகக் கை தூக்கினார்.

நான் எழுந்தேன். "எடுக்கக் கூடாது. என்னைய வெளிய தள்ளக் கொண்டுவந்த விதி. உங்களைக் கேட்டதும் கசக்குதா? இருக்கட்டும். நான் கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கேன், நீங்களும் படிங்க."

விதி இருக்கட்டும் என்று எட்டுக் கை, வேண்டாம் என்று ஆறு. விதி நிற்கிறது. நாத்தனாரின் கையை நான் பார்க்கவில்லை. உயர்ந்த எட்டில் அதுவும் ஒன்று என்று வரும் வழியில் தபால்காரர் சொன்னார்.

மார்ச் 30, திங்கள்

"ஜெயிச்சுட்டுச் சொல்றேன்னியே?" என்றார் வீட்டுக்காரர். டீ போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 1, புதன்

காலையில் நாத்தனார் கடைக்கு வந்தார். கடை வைத்த பதினெட்டு வருஷத்தில் இது மூன்றாவது முறை. வெள்ளைப் பொத்தான் நாலு வேண்டுமாம். எடுக்க நான் கையை நீட்டுவதற்குள், "இரு, நானே பாத்துக்கறேன்" என்றார்.

வெள்ளைப் பொத்தான் முதல் வரிசையில். அவர் நின்றது மூன்றாம் வரிசைக்கு எதிரே. 'எடீஷியன்' ஒட்டியிருந்த ஆறாவது டிராயரை இழுத்து, சீட்டை எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்: வருஷா வருஷம் வேனிலில் வீசும் வடகாற்று.

உதடு அசைந்தது. சீட்டை இருந்தபடியே மடித்து வைத்தார். அடுத்த டிராயரின் முகப்பு வார்த்தையைப் படித்து, பிடியில் கை வைத்து, திறக்காமல், மேலே பார்த்தபடி நின்றார்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தேன்.